சித்திக்குப் புது சீட்

என் கணவருக்கு இரண்டு மனைவிகள். இது என் மகளின் கணக்கு. முப்பது வயதான எங்கள் காருக்கு அவள்தான் 'சித்தி' என்று பெயர் வைத்தாள். காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, கீழ அப்பா சித்தியைக் குளிப்பாட்டிட்டு இருக்காரு, நீ கண்டுக்காத" என்று செய்தி வாசிப்பாள். எனக்குத் தலைவலி என்றால் "மாத்திரை போட்டியா?" என்பதோடு கடமையை முடித்துக்கொள்கிற மனுஷர், சித்தி லேசாக இருமினால் போதும், சோறு தண்ணீர் இறங்காது.

அவருடைய அலுவலகத்தில் ஒருவர் தலை முழுகிய வண்டியைத்தான் இவர் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினை முதலில் சரி செய்தார். அடுத்து பெயிண்ட். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருப்பாள். கதவைத் திறந்தால்தான் சாயம் வெளுக்கும். கூரைத் துணி பசை விட்டுத் தொங்கி, ஓட்டுகிறவர் தலையில் முக்காடு போட்டுவிடும். சீட்டின் ஸ்பிரிங் ஒன்று சமயம் பார்த்து இடுப்பில் குத்தும். தரைவிரிப்பின் அடியில் மழைத் தண்ணீர் தேங்கி, ஈர நாய் ஏறி இறங்கிய வாடை. டாஷ்போர்டில் ஒரு விரிசல், அதற்குள் என் மகள் சின்ன வயதில் போட்டதாகச் சத்தியம் செய்கிற ஒரு காசு. அவள் சின்ன வயதில் இந்த வண்டியே எங்களிடம் இல்லை. ஆனாலும் சத்தியம் செய்வாள்.

இந்த வருடம் உள்ளே கை வைப்பது என்று அவர் முடிவு செய்தார். பழைய கார் பிரியர்கள் என்று போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் சேர்ந்த பிறகு அவர் எங்களோடு பேசுவதைவிட அவர்களோடு பேசுவதுதான் அதிகம். டச் ஸ்கிரீன் வேண்டும், ரிவர்ஸ் கேமரா வேண்டும், காலடியில் மெல்லிசாக விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கு நீலமா ஆரஞ்சா என்று ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது.

அதே வாரத்தில்தான் எனக்கு என் வேலையில் ஒரு நல்லது நடந்தது. நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். மெழுகில் பல் அடுக்கி, கடி சரிபார்த்து, ஈறு நிறத்துக்கு ஈறு, பல் நிறத்துக்குப் பல் என்று முடித்துக் கொடுப்பது எங்கள் லேப். வெள்ளை என்று நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற நிறத்தில் எனக்குப் பதினாறு வகை தெரியும். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு லேப் திறக்கிறோம், அதை நீங்கதான் பார்த்துக்கணும் என்றார் முதலாளியம்மா. எத்தனையோ வருடம் மற்றவர் பெயரில் வேலை செய்தாயிற்று. முதல் தடவையாக என் பொறுப்பில் ஓர் இடம். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். அங்கே பஸ் போகாது. 'ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க' என்பது எனக்காகவே சொல்லி வைத்தது போலிருந்தது.

"மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. நீங்க வரலைன்னா அந்தத் தம்பிக்குத்தான் கொடுக்கணும்" என்றார் முதலாளியம்மா. எங்கள் லேபில் இருக்கிற அந்தத் தம்பி கோரைப் பல்லை எப்போதும் ஒரு நூல் நீளமாக வைப்பவன். அவன் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற பெரியவர்களைப் பார்த்துப் பேரன் பேத்திகள் அழுதிருக்கிறார்கள். அவனிடமா கொடுப்பது?

அன்று சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதுதான். ஆனா அங்க பஸ் இல்லையே. தினமும் நான் கொண்டுபோய் விட முடியுமா?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். கம்பெனி வண்டி வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"உங்கள யாரு விடச் சொன்னா? நம்ம கார் சும்மாதானே நிக்குது. நானே ஓட்டிட்டுப் போறேன்."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை வானத்தைப் பிடித்துத் தா என்று கேட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி.

"சித்தியவா? நீயா?" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் நீலமா ஆரஞ்சா.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. இந்த வண்டி வந்த புதிதில் எடுத்தேன். எடுத்த மறுநாள் ஓட்டவும் செய்தேன். இவர் பனைமர உயரம். நான் எங்கள் கல்யாண போட்டோவிலேயே ஒரு பலகைமேல்தான் நிற்கிறேன். சீட் பின்னால் போய்த் துருவேறி இறுகிக் கிடந்தது. முதுகுக்கு இரண்டு தலையணை, அடியில் ஒன்று என்று வைத்து, அதிலிருந்து வழுக்கி வழுக்கி கிளட்சை மிதித்தேன். பக்கத்தில் இவர், இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் "அய்யோ, அய்யோ" என்று அலறிக்கொண்டு வந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். எனக்கு ஓட்ட வராது என்று அன்றைக்கு அவர் முடிவு கட்டினார். எனக்கு உட்கார வரவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வாரமே அவர் சித்தியைக் கார் சீட் தைக்கிற சீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்தார். நாலைந்து நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் போனை என் பக்கம் ஆட்டினார்.

"சீட்டுக்காரர் நீளமா என்னமோ பேசி அனுப்பியிருக்காரு. யாரையோ வரச் சொல்றாரு. துணி கலர் பாக்கத்தான் இருக்கும். உனக்குத்தான் கலர் கண்ணு இருக்கே, நீயே போய்ப் பார்த்துச் சொல்லிடு."

"நீங்க முழுசா கேட்டீங்களா?"

"பாதி கேட்டேன். மீதி அவர் பெருமை."

அது என்னவோ நிஜம்தான். சீட்டுக்காரரை நேரில் பார்த்தபோது தெரிந்தது. தகரக் கொட்டகை, பசை வாடை, சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், எலும்புக்கூடாய் நிற்கிற சீட்டுகள். நடுவில் சீட்டுக்காரர், வயிற்றின்மேல் ஒரு சாக்கட்டியையும் காதில் ஒரு சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கம்மா. நம்ம சீட்ல உக்காந்தவன் எறங்க மாட்டான். ஒருத்தர் வீட்டுக்குப் போயும் வண்டிக்குள்ளயே தூங்கிட்டாரு, சம்சாரம் எங்கிட்ட வந்து சண்டை."

சித்தியைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. பல் எல்லாம் பிடுங்கிய வாய் மாதிரி உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் தரை துருவெல்லாம் சுரண்டி, கறுப்புப் பூச்சு பூசி, அதன்மேல் புதிய விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. கூரையில் புதுத் துணி தோல்போல இழுத்து நின்றது. மனுஷர் பேச்சில் மட்டும் பெரியவர் இல்லை.

"சேதி இதுதாம்மா" என்றார். "டிரைவர் சீட்டை முன்னாடி பின்னாடி தள்ளுற ஸ்லைடர் இருக்கு பாருங்க, அது தொட்டாலே உதிருது. இந்த மாடலுக்கு அது குதிரைக் கொம்பு. சொல்லி வச்சிருக்கேன், என்னிக்கு வருமோ தெரியாது. அதுவரைக்கும் சீட்டை ஒரே இடத்துல போல்ட் போட்டு இறுக்கிடப் போறேன். அதான் ஓட்டுறவங்கள வரச் சொன்னேன். வண்டி யாரு பேர்ல இருக்கு, யாரு காசுன்னு நான் கேக்கிறதில்ல. யாரு ஓட்டுறாங்க? அவங்க கால் எங்க எட்டுதோ அங்கதான் சீட்டு."

கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். கொட்டகையில் தையல் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கலர் பார்க்க வந்தவள் என்று சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றேன்.

பொய்தான். அந்த நிமிஷத்தில் அது சுத்தமான பொய். ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதே, அதற்கு நான் என்ன செய்ய?

அவர் டேப் எடுக்கவில்லை. "டேப்பை நம்பினா தையக்காரன். ஆளை நம்பினாத்தான் சீட்டுக்காரன்" என்று சொல்லிக்கொண்டே வெறும் இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் பாளமாக ஃபோமை அடுக்கி என்னை உட்காரச் சொன்னார். "அடக்கமா உக்காராதீங்க, வீட்டு சோபாவில உக்கார்ற மாதிரி உக்காருங்க." உட்கார்ந்தேன். தொடை ஓரமாக, இடுப்பு ஓரமாக ஃபோமில் சாக்கட்டியால் கோடு இழுத்தார். எழுந்திருக்கச் சொல்லி நீளக் கத்தியால் அரிந்தார். மறுபடி உட்கார்ந்தேன். "முழங்கால் பின்னாடி இடிக்குதா?" இடித்தது. அரிந்தார். நானும் என் வேலையில் நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறேன்: கடிக்கும்போது எந்தப் பல் எங்கே இடிக்கிறது என்று. எனக்கு எங்கே இடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கடைசியில் சட்டத்தை வண்டிக்குள் வைத்து, என்னை ஏற்றி, "கிளட்சை அடி வரைக்கும் மிதிங்க" என்றார். மிதித்தேன். வழுக்கவில்லை, எக்கவில்லை. கால் தானாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்டீயரிங்குக்கு மேலே பானெட் முழுவதும் தெரிந்தது, அதன் நுனி வரைக்கும். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்துபோய், துணி எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று அவசரமாகக் கேட்டேன். சாம்பல் நிறத் துணியும், ஓரத்தில் வைத்துத் தைக்கக் கருநீலத் திரியும் எடுத்துக் கொடுத்தேன்.

"சாருக்குப் போன்ல சொல்லிடட்டுமா?" என்றார்.

"அவரு பிசி. நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை ஸ்பீக்கர் பற்றிப் பேச ஆரம்பித்தார், இன்னொரு தடவை எனக்கே தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக, சொன்ன பொய்யை மெய்யாக்குகிற வேலையில் இறங்கினேன். விடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் வண்டி தெரு முனைக்கு வரும். கற்றுக்கொடுக்கிற பெண் என்னைவிட இளையவள், கொட்டாவி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அலற மாட்டாள், அதுவே பெரிய உபகாரம். அப்பா கேட்டால் அம்மா வாக்கிங் போயிருக்கிறாள் என்பது மகளின் வசனம்.

"வாக்கிங் உனக்கு நல்லா ஒத்துக்குது. முகமே தெளிஞ்சிருக்கு" என்றார் இவர் ஒருநாள். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி ரெடி என்று சேதி வந்தது. மறுநாள் நான் முதலாளியம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நீயும் வா, உன் கலர் செலக்‌ஷனைப் பாரு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சித்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சாம்பல் துணி, கருநீல ஓரம், விரிசல் போன இடம் தெரியாத டாஷ்போர்டு, காலடியில் ஆரஞ்சு விளக்கு. ஆரஞ்சுதான் ஜெயித்திருந்தது. "பிரமாதம், பிரமாதம்" என்று அவர் குரல் உடைந்தது.

பிறகு ஏறினார்.

ஏறினார் என்று சொல்லக் கூடாது. ஒரு காலை உள்ளே வைத்தார், அது ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மறு காலை மடித்து நுழைத்ததும் முழங்கால் இரண்டும் காதுக்கு நேராக வந்தன. வயிற்றை ஸ்டீயரிங் அமுக்கியது. அந்த நிலையில் தலையை மட்டும் திருப்பி, "என்னய்யா இது?" என்றார்.

"ஏன் சார் நீங்க உக்கார்றீங்க? அது அம்மா அளவு" என்றார் சீட்டுக்காரர். "ஓட்டுறவங்க வாங்கன்னேன், அம்மா வந்தாங்க. எப்படி உக்காருது பாருங்க, நகமும் சதையும் மாதிரி."

"இதைப் பின்னாடி தள்ளு!"

"தள்ள ஸ்லைடர் வரணும் சார். இல்லன்னா விரிப்பைக் கிழிச்சு, தரையில புதுசா ஓட்டை போடணும். கிழிக்கட்டுமா?"

அந்தப் புது விரிப்பைக் கிழிப்பதற்குப் பதில் அவர் தன் காலில் ஓட்டை போடச் சொல்லியிருப்பார். மெல்ல ஒவ்வோர் உறுப்பாக வெளியே எடுத்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். கொட்டகையில் இருந்த எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாவியைக் கொடுத்தார். வேறு வழி?

பக்கத்து சீட் நன்றாகவே பின்னால் போனது. அவர் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளப்பினேன். முதல் தடவை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தடவை சித்தி சமர்த்தாக நகர்ந்தாள்.

முதல் திருப்பத்தில் அவர் கால் தரையை மிதித்தது. வாய் 'அ' என்று திறந்தது.

"அய்யோன்னு சொன்னீங்க, இந்தத் தடவ இறங்கி நடக்கப் போறது நீங்க" என்றேன்.

வாய் மூடிக்கொண்டது. இரண்டு சிக்னல் தாண்டினோம்.

"என் வண்டியில எனக்கே எடமில்ல" என்றார் பிறகு. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கொடுத்திருப்பேன். சின்னப் பையன் மாதிரி சொன்னார். எனக்கு உண்மையாகவே கஷ்டமாகிவிட்டது.

"ஸ்லைடர் வரட்டும். வந்தா ரெண்டு பேருக்கும் எடம்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேங்க. நானே ஓட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் கையிலிருந்த போன் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டது. பழைய கார் பிரியர்கள் போட்டோ கேட்டிருப்பார்கள். அதை எடுத்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை.

"வீடு இந்தப் பக்கம்."

"தெரியும்."

ஊர் முடிந்து, கடைகள் குறைந்து, ரோடு அகலமானது. ஒரு லாரி பின்னால் வந்து ஹாரனால் காதைக் கிழித்தது. இந்த ரோட்டை நான் தினமும் ஓட்ட முடியுமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. தெரியாமல் நாளைக்கு நான் எந்த வாயால் சரி என்பேன்? லாரிக்கு வழி விட்டேன். அது போனது. மறுபடி என் வழிக்கு வந்தேன். இதைக்கூடவா இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தோம் என்றிருந்தது.

புது லேபுக்குப் பூட்டு போட்டிருந்தது. பெயர்ப்பலகை இன்னும் மாட்டவில்லை, காகிதம் சுற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்னால் காலி மைதானம் மாதிரி வண்டி நிறுத்துகிற இடம். நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். வந்துவிட்டேன்.

"இதுதானா உன் எடம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் இறங்கினார். கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டி உள்ளே பார்த்தார். பெயர்ப்பலகையின் காகிதத்தை லேசாக விலக்கிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். பர்மிஷன் கேட்க நான் வரவில்லை. அவர் என்ன சொன்னாலும் நாளைக்கு என் பதில் ஒன்றுதான் என்று லாரி போனபோதே முடிவாகிவிட்டது.

ஜன்னலருகே குனிந்தார்.

"இங்க போடாத. மத்தியானம் வெயில் நேரா உள்ள அடிக்கும், துணி வெளுத்துரும். தினமும் அந்தச் சுவரோரமா நிறுத்து. காலையில கொஞ்சம் முன்னாடியே கிளம்பு, இல்லன்னா நிழல்ல வேற எவனாவது போட்டுருவான்."

சொல்லிவிட்டு அவரே சுவர் பக்கம் நடந்துபோய் நின்றுகொண்டு, ரிவர்ஸ் கேமராவையெல்லாம் மறந்துவிட்டு, "வா, வா, இன்னும் வா" என்று கையை ஆட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் எனக்குச் சுவர் சரியாகத் தெரியவில்லை. மெதுவாகப் பின்னால் எடுத்து நிழலில் நிறுத்தினேன். பிறகு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, நான் வருகிறேன் என்று சொன்னேன்.